தவறணைக்கு ஒரு சமையல்காரி

நியூசிலாந்துக்கு வந்து லின்ஃபீல்டில் வாடகைக்கு இருந்த காலத்திலிருந்தே நான் நியூ லின் மோலில் ஒரு பேக்கரியில் வேலை செய்துவந்தேன். நகரத்தின் தெற்கு ஓரத்தில், தகனினியில் வீடு வாங்கி வந்த பிறகும் மோட்டர்வே நெரிசலில் நின்று நின்று அங்கேயே போய்வந்தேன். பிறகு ஒரு நாள் பேக்கரியை மூடிவிட்டார்கள். வீட்டுக்குக் கிட்ட எந்த வேலை என்றாலும் சரி என்று தேடியபோது கிடைத்தது ஒரு நாட்டுப்புறப் பப்பில் சமையல் வேலை.

காலையில் தகனினியிலிருந்து எல்லாக் கார்களும் வடக்கே நகரத்தை நோக்கி ஊர்ந்துபோகும். நான் மட்டும் எதிர்ப்பக்கம். புது வீடுகள் முடிந்து, குதிரை லாயங்கள் தொடங்கி, மரக்கறித் தோட்டங்களையும் தாண்டினால் ஒரு நாற்சந்தி வரும். அங்கே ஒரு பெட்ரோல் ஷெட், டெய்ரி என்று இங்கே சொல்லும் ஒரு சில்லறைக் கடை, ஒரு சின்னத் தேவாலயம், அதற்கு எதிரே அந்தப் பப். பலகையால் கட்டிய பழைய மாடிக் கட்டடம். மேலே வரிசையாக அறைகள். முந்தின காலத்தில் வழிப்போக்கர் தங்க அறை இல்லாவிட்டால் இந்த நாட்டில் ஹோட்டல் லைசென்ஸ் கொடுக்க மாட்டார்களாம். இப்போது அவற்றில் ஒன்றில் பப்பின் முதலாளியம்மா இருந்தார். மற்றவற்றில் உடைந்த கதிரைகள் இருந்தன.

முதலாளியம்மா இங்கிலாந்தில் பிறந்தவர். அறுபதைத் தாண்டியவர், உயரம், கழுத்தில் எப்போதும் ஒரு மூக்குக் கண்ணாடி தொங்கும். கணவரோடு இந்தப் பப்பை வாங்கி, அவர் இறந்த பிறகு தனியே நடத்திக்கொண்டிருந்தார். முதல் நாள் குசினியைக் காட்டிவிட்டு என்னைக் கேட்டார்:

"உனக்கு என்னென்ன சமைக்கத் தெரியும்?"

"பேக்கரிச் சாமான் எல்லாம் தெரியும். வீட்டுச் சமையல் தெரியும்."

"பியர் ஊற்றத் தெரியுமா?"

"தெரியாது. நான் குடிக்கிறதில்லை."

"நல்லதாகப் போயிற்று. போன சமையல்காரன் குடிப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை."

அவர் தன் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். மது விற்கிற இடம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அங்கே சாப்பாடும் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். சமையல்காரன் ஒஸ்ரேலியாவுக்குப் போன நாளிலிருந்து அவரே பாணுக்குள் சீஸ் வைத்துச் சுட்டுக் கொடுத்துச் சமாளித்துவந்தார். அதை ஒருவரும் விரும்பி வாங்கவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் வந்தால் என்ன கேள்வி வருமோ என்று அவருக்குப் பயம். ஆக, பியருக்குக் காவலாகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அளந்துதான் வார்த்தை வரும்.

"பாருக்கை நிக்கத் தேவையில்லைத்தானே?" என்று கேட்டார்.

"நான் நிக்கிறது குசினியிலை."

"அப்ப சரி. உமக்கு ஒத்துவராட்டி விட்டிடும்."

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரிய பாடாகிவிட்டது. வட்ஸ்அப்பில் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து, "பப் எண்டால் என்ன பிள்ளை?" என்றார்.

"தவறணை மாதிரி அம்மா. ஆனால் சாப்பாடும் இருக்கும்."

எங்கள் பக்கத்தில் கள்ளு விற்கிற இடத்துக்குத் தவறணை என்று பெயர். அம்மாவின் முகம் திரையிலிருந்து விலகிப் போனது.

"தவறணையிலையோ? கொப்பர் தவறணை இருந்த ஒழுங்கையாலை சைக்கிளிலையும் போகமாட்டார். நீ அதுக்குள்ளை நிண்டு சமைக்கப் போறியோ?" என்று அப்பாவை இழுத்தார்.

"இஞ்சை குடும்பமாய் வந்து இருந்து சாப்பிடுவினம் அம்மா."

"குடும்பமாயோ?" என்றார். அது இன்னும் மோசமாகப் பட்டது அவருக்கு.

முதல் மாதங்களில் நான் அவர்களுடைய சாப்பாட்டையே சமைத்தேன். மீனும் சிப்ஸும், ஸ்டேக், ஞாயிறுகளில் ஆட்டிறைச்சி ரோஸ்ட். குசினிக்கும் பாருக்கும் நடுவே ஒரு சின்ன யன்னல். அதற்குள்ளால் தட்டை நீட்டுவேன். அந்தப் பக்கம் யார் யார் இருக்கிறார்கள் என்று மெல்ல மெல்லப் பழகியது. தினமும் வருகிறவர் ஒருவர், குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவர். நான் அவரை வீட்டில் லாடக்காரர் என்றுதான் சொல்வேன். வாழ்நாள் முழுக்கக் குதிரைக் காலைத் தூக்கிப் பிடித்ததில் முதுகு வளைந்து, நிமிர்ந்து நிற்க முடியாது. எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். பாரின் ஓரத்தில், என் யன்னலுக்குப் பக்கத்தில் அவருடைய கதிரை. இரண்டு பியர், சிலவேளை மூன்று. சாப்பாடு மட்டும் வாங்கமாட்டார். "வீட்டில் இருக்கிறது" என்பார். வீட்டில் தகரத்தில் அடைத்த அவரை விதைதான் இருக்கிறது என்று முதலாளியம்மா சொன்னார்.

பின்னேரங்களில் கூட்டம் இருக்காது. அப்போது முதலாளியம்மா குசினிக்குள் வந்து, எனக்கு எதிரே இருந்து உருளைக்கிழங்கு தோல் சீவுவார். அவருக்குக் கதைக்கப் பிடிக்கும், எனக்குக் கேட்கப் பிடிக்கும். அவருடைய பரம்பரையே இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் சாராயக்கடை நடத்திய பரம்பரை. சாராயம்கூட இல்லை, அவர்கள் ஏல் என்று சொல்லும் பியர், வீட்டிலேயே காய்ச்சுவது. ஆதியில் யாரும் காய்ச்சி விற்கலாமாம். வாசலில் ஒரு கம்பை நட்டு அதில் ஒரு குழையைக் கட்டிவிட்டால் போதும், காய்ச்சியாயிற்று என்று ஊருக்குத் தெரியும். சில நூறு வருஷங்களுக்கு முன்னர்தான் அரசாங்கம் விழித்துக்கொண்டு, இனி நீதிவான்களிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டதாம்.

"காசு கட்டினால் கொடுத்துவிடுவார்களா?" என்று கேட்டேன்.

"காசு மட்டும் காணாது. நீ ஒழுங்கான ஆள் என்று அயலவர்கள் வந்து பிணை நிற்க வேண்டும். சூதாட விடமாட்டேன், பூசை நேரத்தில் விற்கமாட்டேன், சண்டை வர விடமாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். மீறினால் பிணை நின்றவர்களுக்கும் தண்டனை."

"அப்ப ஆர் வந்து பிணை நிற்பார்கள்?"

"எங்கள் குடும்பத்தில் முதலில் லைசென்ஸ் எடுத்தது ஒரு விதவை. கொல்லர் ஒருவரும் இன்னொருவரும் பிணை நின்றார்கள் என்று அப்பா சொல்வார். அந்த நாளில் வழியில்லாத விதவைகளுக்குச் சில இடங்களில் லேசாகக் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் ஊர்தானே சோறு போட வேண்டும்."

எனக்கு அது புதினமாக இருந்தது. எங்கள் ஊரில் தவறணைக்குக் குத்தகையும் லைசென்ஸும் வைத்தவர்கள் இதே வெள்ளைக்காரர்கள்தான். ஆனால் அங்கே ஒரு பொம்பிளை அதை நடத்தினாள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அந்த விதவையின் கதையைச் சொன்னேன். அவர் பருப்பைக் குழைத்தபடி, "கொல்லன் என்னத்துக்குப் பிணை நிண்டவன், கள்ளுக் குடிக்கத்தானே" என்றார். அடுத்த நாள் முதலாளியம்மாவிடம் சொன்னேன். அவர் தோல் சீவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளி வந்தது. இங்கே அன்று மது விற்பதற்கு ஒரு தனிச் சட்டம். இருந்து சாப்பிட வந்தவருக்கு மட்டும்தான் பியர் கொடுக்கலாம். சும்மா வந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போக முடியாது. முந்தின வருஷங்களில் முதலாளியம்மா அன்று பப்பையே பூட்டிவிடுவாராம். இந்த முறை, "குசினியில் நீ இருக்கிறாய். திறப்போமா?" என்றார்.

பெரிய வெள்ளிக்கு இறைச்சி சாப்பிடாதவர்கள் இருப்பார்கள் என்று மீன் சமைக்க முடிவெடுத்தோம். பொரித்த மீன் ஒரு பக்கம். எனக்கு அந்தக் கிழமை நல்ல கஹவாய் மீன் கிடைத்திருந்தது. இது கொஞ்சம் கறுத்த சதையுள்ள மீன், இங்கத்தையவர்கள் பெரிதாக மதிக்கமாட்டார்கள். எங்கள் கட்லட்டுக்கு அதைவிட நல்ல மீன் இல்லை. முதலாளியம்மாவிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். உருளைக்கிழங்கோடு பிசைந்து, வெங்காயமும் மிளகும் பச்சைமிளகாயும் போட்டு, உருட்டி, பாண்தூளில் பிரட்டிப் பொரித்தேன். பக்கத்தில் ஒரு தேங்காய்ப்பால் மீன் கறி, உறைப்புக் குறைத்து.

லாடக்காரர் வழக்கம்போல வந்து தன் கதிரையில் இருந்தார். முதலாளியம்மா கிளாஸை எடுக்கவில்லை.

"இன்றைக்குச் சாப்பிட்டால்தான் குடிக்கலாம்."

"நான் வீட்டில் சாப்பிட்டேன்."

"வீட்டில் சாப்பிட்டது செல்லாது. என் தாத்தா காலத்துக் கதை உனக்குச் சொன்னேனே."

அந்தக் கதை எனக்கும் தெரியும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பப் பூட்டியிருக்கும் நேரத்திலும் உண்மையான பயணிக்கு மட்டும் விற்கலாம் என்று இருந்தது. மூன்று மைல் தாண்டி வந்தவர் பயணி. ஆகவே ஒரு கிராமத்து ஆண்கள் எல்லாரும் அடுத்த கிராமத்துக்கு நடப்பார்கள். அந்தக் கிராமத்து ஆண்கள் இந்தக் கிராமத்துக்கு நடப்பார்கள். நடுவழியில் ஒருவரையொருவர் கண்டு தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். எல்லாரும் பயணிகள். முதலாளியம்மாவின் தாத்தாவுக்கு அப்படி வந்த ஒவ்வொருவரையும் தெரியும். ஆனாலும் கதவில் நின்று, "எங்கிருந்து வருகிறீர்கள் ஐயா?" என்று கேட்டுத்தான் உள்ளே விடுவாராம்.

லாடக்காரர் என் யன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். "அது என்ன உருண்டை?"

"மீன்."

"உறைக்குமா?"

"கொஞ்சம்."

"ஒன்று தா."

ஒன்று சாப்பாட்டுக்குக் காணாது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். தட்டு நிறையக் கட்லட்டும் சோறும் கறியும் வைத்துக் கொடுத்தேன். அவர் முதலில் கட்லட்டை முள்ளுக்கரண்டியால் பிளந்து உள்ளே பார்த்தார். பிறகு மெதுவாகச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துவிட்டு மறுபடி சாப்பிட்டார். தட்டு வெறுமையானதும், பியர் பாதிக் கிளாஸ் மிச்சம் இருக்க, "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு கட்லட் வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஐம்பது வயதளவில், சாம்பல் நிற ஜாக்கெட், கையில் ஒரு டப்லெட். பெரிய வெள்ளியன்று யார் யார் சும்மா பியர் விற்கிறார்கள் என்று பார்த்து வருகிற சுற்று அவருக்கு. முதலாளியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அன்று பப்பில் தட்டு இல்லாத மேசை ஒன்றுகூட இல்லை. இன்ஸ்பெக்டர் நடந்து நடந்து பார்த்தார். லாடக்காரருக்குப் பக்கத்தில் வந்து, "நீங்கள் சாப்பிடத்தான் வந்தீர்களா?" என்றார்.

லாடக்காரர் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

இன்ஸ்பெக்டர் டப்லெட்டில் ஏதோ தட்டிவிட்டு, போகும்போது என் யன்னலுக்கு வந்தார். வேலை நேரத்தில் தான் எதுவும் வாங்கக்கூடாது என்றும், இன்னொரு நாள் மனைவியோடு வருவதாகவும் சொன்னார். உண்மையிலேயே வந்தார். அதன் பிறகு கட்லட் சாப்பாட்டு அட்டையில் ஏறிவிட்டது. கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற எங்கள் ரோல்ஸும் ஏறியது. லாடக்காரர் "வீட்டில் இருக்கிறது" என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

அடுத்த வருஷம் முதலாளியம்மாவின் தம்பி மகளுக்கு இங்கிலாந்தில் கல்யாணம் வந்தது. போக அவருக்கு நல்ல ஆசை. ஆனால் மது விற்கிற நேரம் முழுக்கச் சான்றிதழ் பெற்ற மனேஜர் ஒருவர் கடையில் பொறுப்பாக இருந்தே ஆக வேண்டும். இருந்தது அவர் ஒருவர்தான். பாரில் பியர் ஊற்றிய பெண் படிப்பு முடிந்ததும் தென் தீவுக்குப் போகிறவள், அவளுக்கு அதில் அக்கறை இல்லை.

உருளைக்கிழங்கு வாளிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்தார். "நீ எடுக்கலாமே, அந்தச் சான்றிதழை."

"நானோ? ஒரு சொட்டுக் குடிக்காதவள்."

"குடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை."

கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பாருக்குள் நிற்கத் தேவையில்லை என்று ஒப்புக்கொண்டு வந்த வேலை. இப்போது பாருக்கே பொறுப்பு. அவர் யோசித்துவிட்டு, "சோதனைப் புத்தகத்தைக் கொண்டு வாரும்" என்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கேள்வி கேட்பார், நான் பாத்திரம் கழுவிக்கொண்டு பதில் சொல்வேன். "ஆளுக்கு வெறி எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பீர்?" என்பார் ஒரு பரீட்சை அதிகாரி மாதிரி. பேச்சு, நடை, கண், நடத்தை என்று சொல்வேன். "எங்கட சித்தப்பாவைப் பாத்தால் ஒண்டிலையும் பிடிக்கேலாது" என்பார்.

சோதனை பாஸ். அதற்குப் பிறகு நேர்முகம். அதே இன்ஸ்பெக்டர். அன்று அவர் கட்லட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கறாராக இருந்தார்.

"நீங்கள் குடிப்பதில்லை என்கிறீர்கள். ஒருவர் அளவைத் தாண்டிவிட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாறவர்கள் தெளிவாக இருக்கும்போது எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து மாறினால் தெரியும்."

"தெரிந்த ஆளை மறுக்க உங்களால் முடியுமா?"

"முடிய வேண்டும்தானே," என்றேன். உள்ளுக்குள் அவ்வளவு நிச்சயம் இல்லை.

நான் ஒழுங்கான ஆள் என்று, என்னைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் எனக்காக எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் முதலாளியம்மா. மற்றவர் யாரைக் கேட்பது என்று நான் யோசிக்க முன்னமே லாடக்காரர் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார், இரண்டே வரி. முதலாளியம்மா அதை வாங்கிப் பார்த்து, "கொல்லர் பிணை நிற்கிறார், இனி என்ன" என்று சொல்லி என்னை அணைத்துக்கொண்டார்.

சான்றிதழ் வந்த செய்தியை அம்மாவுக்குச் சொன்னேன். தவறணை என்ற சொல்லை இந்த முறை நான் எடுக்கவில்லை. மனேஜர் என்றேன். "மனேஜரோ? கவுண்மேந்துப் பேப்பர் தந்ததோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். இரண்டு நாளைக்குள் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிட்டது, மகள் நியூசிலாந்தில் மனேஜராகிவிட்டாள் என்று. எதற்கு மனேஜர் என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

பொறுப்பில் இருக்கிறவரின் பெயரைப் பாரில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். அதற்கென்று கண்ணாடி போட்ட ஒரு சின்ன மரச்சட்டம் சுவரில் இருந்தது. என் முழுப் பெயர் அதற்குள் அடங்கவில்லை. முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நுணுக்கி நுணுக்கி எழுதினார். லாடக்காரர் பியரோடு இருந்து அதை வாசிக்கப் பழகினார். பாதிப் பெயரில் தடுக்கி விழுவார், மறுபடி தொடங்குவார்.

முதலாளியம்மா இங்கிலாந்துக்குப் போய் இரண்டாவது சனிக்கிழமை. பின்னேரம். குதிரை பழக்குகிற ஒருவரின் செத்தவீடு அன்று எதிரே தேவாலயத்தில் நடந்தது. லாடக்காரருக்கு இளமையிலிருந்து நண்பர். செத்தவீட்டுக்குப் பிறகு யாரோ வீட்டில் விஸ்கி கொடுத்திருக்கிறார்கள். அவர் பப்புக்குள் வந்தபோது கறுப்புக் கோட், கழுத்துப் பட்டி ஒரு பக்கம். கதிரையில் ஏறி இருக்க இரண்டு தரம் முயன்றார். பாரில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் ஏப்ரனைத் துடைத்துக்கொண்டு யன்னலை விட்டு வெளியே வந்தேன்.

"இன்றைக்கு வேண்டாம்," என்றேன் மெல்ல.

"என்ன வேண்டாம்?"

"பியர் தரமுடியாது. நீங்கள் ஏற்கெனவே குடித்திருக்கிறீர்கள்."

"நான் உனக்கு எழுதிக் கொடுத்தேன்."

"ஓம். ஒழுங்கான ஆள் என்று எழுதித் தந்தீர்கள்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது, எனக்குத் தாங்க முடியவில்லை. பப்பில் இருந்த மற்றவர்கள் தங்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஊற்றியிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள், சுவரில் என் பெயர் இருந்த அந்தச் சட்டத்தைத் தவிர.

வெறியில் இருக்கிறவரைத் தெருவில் விடவும் கூடாது, வீடு போகிற வழி கிடைக்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமைகளில் கணவர் பாத்திரம் கழுவ உதவிக்கு வருவார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, லாடக்காரரின் தோளின் கீழ் கையைக் கொடுத்து, பின்னால் சாமான் அறைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பழைய சோபா. தேத்தண்ணியும், எங்களுக்கென்று சமைத்து வைத்த சோறும் பருப்பும் கொடுத்தேன். லாடக்காரர் கொஞ்சம் சாப்பிட்டார். பிறகு செத்துப்போன நண்பரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எனக்கு யன்னலில் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. கணவர்தான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார்.

பிறகு அவரே லாடக்காரரைக் காரில் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். நான் நினைத்த நேரத்தைவிட நன்றாகப் பிந்தித்தான் திரும்பி வந்தார்.

"என்ன இவ்வளவு நேரம்?"

"வீட்டைக் காட்டினவர். ஒரு சுவர் முழுக்க லாடம். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கதை." சிங்க்கில் மிச்சப் பாத்திரங்களுக்குக் கையை விட்டார். "பாவம், தனியாள். நீர் செய்தது சரி."

ஆனால் லாடக்காரர் அடுத்த நாள் வரவில்லை. அந்தக் கிழமையே வரவில்லை. அவருடைய கதிரையில் யாரும் இருக்கவும் இல்லை. அவர் வேறு பப்புக்குப் போகிறார் என்று ஒருவர் சொன்னார். முதலாளியம்மா நம்பி ஒப்படைத்துப் போன கடையில் தினமும் வருகிற வாடிக்கையாளரையே விரட்டிவிட்டேனே என்று இருந்தது. வீட்டில் சமைக்கும்போதும் அதே யோசனை. கணவர், "போய்ப் பாத்திட்டு வரட்டோ?" என்றார். வேண்டாம் என்றேன். அவமானப்பட்ட மனிதரைத் தேடிப் போய் நின்றால் இன்னும் அவமானமாக இருக்கும் என்று பட்டது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நான் பப்பின் கதவைத் திறந்த கையோடு லாடக்காரர் வந்தார். சவரம் செய்து, கழுவிய சட்டை. கையில் ஒரு பெட்டி நிறைய ஃபீஜோவா, அவருடைய வளவில் விழுந்த பழங்கள். பெட்டியை யன்னலில் வைத்தார். சுவரில் இருந்த என் பெயரை நிமிர்ந்து பார்க்காமலே, முழுவதையும், ஒரு எழுத்துத் தவறாமல் சொன்னார்.

"சாப்பிட வந்தேன்," என்றார் பிறகு.

"என்ன வேண்டும்?"

"அன்றைக்கு அந்த அறையில் தந்தாயே, மஞ்சளாக. அது."

பருப்பு அன்று சமைத்திருக்கவில்லை. இருக்கச் சொல்லிவிட்டு அடுப்பில் வைத்தேன். அவர் காத்திருந்தார். பியர் கேட்கவில்லை, சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஒன்று கேட்டார். நான் பாரில் நின்ற பெண்ணுக்குத் தலையை ஆட்டினேன்.

முதலாளியம்மா திரும்பி வந்தது குளிர் தொடங்குகிற நேரம். கல்யாணப் படங்களைக் காட்டிவிட்டு, கடைசியாக ஒரு வீட்டின் படத்தைக் காட்டினார். கல்லால் கட்டிய அழகான வீடு, வாசலில் பூச்செடி. அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்திய பப் அது. இப்போது லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருக்கிறது. இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்களாம். பார் இருந்த இடத்தில் புத்தக அலுமாரி. பியர்ப் பீப்பாய் இறக்குகிற நிலவறையில் சைக்கிள்கள்.

"லைசென்ஸைப் பறித்துவிட்டார்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. யாரும் பறிக்கவில்லை. எடுத்து நடத்த ஆள் இருக்கவில்லை." கிழங்கு ஒன்றைச் சீவி முடித்தார். "எனக்கும் வயது போகிறது. விமானத்தில் வரும்போது முழுக்க இதைத்தான் யோசித்தேன். நீயும் உன் கணவரும் என்னோடு சேர்ந்து இதை எடுப்பீர்களா?"

வீட்டுக்குப் போய்க் கணவரைக் கேட்க வேண்டும் என்றேன். கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரிப்பது அரிது. "கொப்பரை நினைச்சுப் பாரும்," என்றார். பிறகு, "உமக்கு விருப்பமோ?" என்று கேட்டார். விருப்பம் என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

வேலைகள் மெல்லத்தான் நடந்தன. எங்கள் பெயரையும் சேர்த்து லைசென்ஸ் கேட்டிருக்கிறோம், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதலாம் என்று கதவில் ஓர் அறிவித்தல் ஒட்ட வேண்டியிருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று வாசித்தார்கள். யாராவது வேண்டாம் என்று எழுதிவிடுவார்களோ என்று நான் குசினியிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன். பேய்மழையில் அந்தத் தாள் நனைந்து கிழிந்தது, முதலாளியம்மா வேறொன்று ஒட்டினார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

இப்போது லைசென்ஸில் நாங்கள் மூன்று பேர். கணவர் கிடங்கு வேலையில் பாதி நாட்களை விட்டுவிட்டார். மேலே இருந்த உடைந்த கதிரைகளை ஒவ்வொன்றாக இறக்கித் திருத்துகிறார்.

போன ஞாயிறு தகனினிப் பக்கத்துப் புது வீடுகளிலிருந்து ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். கதவுக்கு வெளியே நின்று உள்ளே போகலாமா வேண்டாமா என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கதவைத் திறந்தேன். தமிழில் வரவேற்றதும் மனைவிக்குக் கண் விரிந்தது.

"அக்கா, இது பார் தானே? குழந்தைங்களோட வரலாமா?"

"வாங்கோ. பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் மேசை இருக்கு."

"குடிச்சாத்தான் உக்கார விடுவாங்களோன்னு இவர் சொன்னார்."

"இல்லை, இல்லை. என்ன சாப்பிடுவீங்கள்?"

கட்லட்டும் சிப்ஸும் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு லெமனேட். தட்டைக் கொண்டுபோய் வைக்க முன்னமே சின்னவன் லெமனேட்டை மேசை முழுக்கக் கவிழ்த்துவிட்டான். தாய் பதறி எழும்பினாள். "இருங்கோ, இருங்கோ," என்று சொல்லி நான் துணி எடுக்கப் போனேன்.